இருபத்து மூன்றாவது புள்ளி

பொன்னுரங்கத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது மலையடிவாரத்தில், பஸ் வந்து திரும்புகிற இடத்தில். 1986, பிப்ரவரி ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு தகரப் பெட்டி. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்ததால் பஸ் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் ஜன்னல் வழியாகக் குனிந்து, "மாமா, திங்கக்கிழமை வரைக்கும் பிளேட் நம்மகிட்டதானே இருக்கும்? அந்த இருபத்து மூணை மட்டும் ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பாருங்க" என்றான். நான், "போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடு" என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நீங்கள் காபியைக் குடியுங்கள் அம்மா, ஆறிவிடும். பேனாவை இப்போது என் பக்கம் நீட்ட வேண்டாம். படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பொன்னுரங்கம் யார் என்று உங்களுக்குத் தெரியாது. என் மனைவி அலமேலுவின் தம்பி. கொண்டப்பாறை வான ஆய்வகத்தில், அளவை அறையில், என் பக்கத்து ஸ்டூலில் இரண்டு வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவன்.

நேற்று நீங்கள் ஆய்வகத்திலிருந்து போனில் சொன்னதும் எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. வானத்தைப் படம் எடுத்த பழைய கண்ணாடி பிளேட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம் என்றீர்கள். 86ஆம் வருஷத்து பிளேட் ஒன்றின் காகித உறைக்குள் மடித்த தாள் கிடைத்தது என்றீர்கள். அதில் இருபத்து மூன்றாம் நம்பர் நட்சத்திரத்துக்கு நேரே, கிழக்கே பதின்மூன்று மைக்ரான் நகர்ந்திருக்கிறது என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. இப்போது செயற்கைக்கோள் அளந்து சொல்லியிருப்பதும் அதேதான். அடியில் என் கையெழுத்து, மையில். "ஐயா, செயற்கைக்கோளுக்கு இத்தனை வருஷம் முன்னாடி, வெறும் கையால திருகாணியைத் திருப்பி, நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றீர்கள்.  

நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை வைத்ததும் பக்கத்து வீட்டுக் காளிதாஸ் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ரிடையரான தலைமையாசிரியர். அவரிடம் ஒன்று சொன்னால் தெருவில் மைக் வைத்த மாதிரி. காலையில் நாலு பேர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். தெருமுனையில் பிளெக்ஸ் வைக்கப் போகிறாராம். என் போட்டோவை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நீங்கள் வரும்போது வாசலில் ஒருவர் நின்று எட்டிப் பார்த்தாரே, அவர்தான்.

சரி. கையெழுத்து என்னுடையது. அதில் சந்தேகம் வேண்டாம்.

தாளில் நாற்பத்தொரு நட்சத்திரம் இருக்க வேண்டும், முப்பத்தைந்துதான் இருக்கிறது, மீதி ஆறு ஏன் அளக்கவில்லை என்று கேட்டீர்கள். நேரம் போதவில்லை. அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்களேன்.

நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. குடியாத்தத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஆய்வகத்து விஞ்ஞானி டாக்டர் அனந்தசயனம் ஒரு நாள் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் லென்ஸை மாட்டிக்கொண்டு பல்சக்கரத்தைத் தூக்கி வைத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இந்தக் கண்ணை இங்க வீணாக்காதீங்க, மலைக்கு வாங்க" என்றார். போனேன். லாகரிதம், கோணம், மைக்ரான் எல்லாம் நானே புத்தகம் வாங்கிப் படித்துக்கொண்டதுதான். எட்டு வருஷத்தில் அந்த அறைக்கு நான்தான் சீனியர். வானம் பார்க்கிற வேலை என்று ஊரில் நினைப்பார்கள். நாங்கள் வானத்தைப் பார்த்ததே இல்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, கண்ணாடியில் இருக்கிற கறுப்புப் புள்ளியைப் பார்ப்போம். பிளேட்டை அளவை மிஷினில் வைத்து, லென்ஸில் தெரிகிற குறுக்குக் கம்பியைத் திருகாணியால் நகர்த்திப் புள்ளிமேல் நிறுத்தி, எண்ணைப் படிப்போம். பிளேட்டில் வானம் வெளுப்பாக இருக்கும், நட்சத்திரம்தான் கறுப்பு.

அந்த வருஷம் டாக்டர் தேடியது ஓடிப்போன நட்சத்திரம் ஒன்றை. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. ஆனாலும் அவர் எங்களுக்குச் சொன்ன மாதிரி சொல்கிறேன். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் பெரியது வெடித்துப் போகிறது. வெடித்ததன் புகை ஒரு கூடு மாதிரி அங்கேயே பரவி நிற்கிறது. மற்றது என்ன ஆகும்? டாக்டர் சாக்பீஸை எடுத்து ஏதோ வரையப் போனார். பொன்னுரங்கம் முந்திக்கொண்டான். "சார், ரெண்டு பசங்க கையைக் கோத்துக்கிட்டுத் தட்டாமாலை சுத்தறாங்க. ஒருத்தன் கையை விட்டுட்டா இன்னொருத்தன் போய் வேலியில விழுவான், அதானே?" டாக்டர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "அதான். யாரும் அதைத் தள்ளலை. முன்னாடி சுத்தின வேகம்தான் அது" என்றார்.

அந்தப் புகைக்கூட்டைச் சுற்றி நாற்பத்தொரு நட்சத்திரம். அதில் எது கூட்டின் நடுவிலிருந்து விலகி ஓடுகிறது? 1931இல் எடுத்த பிளேட் ஒன்று வடக்கே ஒரு ஆய்வகத்தில் இருந்தது. அதைக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாரத்துக்கு வாங்கிவந்தார். எங்களுடைய புது பிளேட் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஐம்பத்தைந்து வருஷம். அதில் ஒரு புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கும்? பத்துப் பன்னிரண்டு மைக்ரான், அதாவது தலைமுடி தடிமனில் அஞ்சில் ஒரு பங்கு. அதைத்தான் அளக்க வேண்டும்.

எல்லாம் அவசரம். பெரிய தொலைநோக்கியில் டாக்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு என்று இரண்டே தேதி கொடுத்திருந்தார்கள். அதுவும் வேறு ஊரில். இரண்டு நாளில் ஒரு நட்சத்திரத்தைத்தான் சரியாகப் படம் எடுக்க முடியும். எந்த நட்சத்திரம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். மார்ச் வந்தால் வானத்தில் அந்தப் பகுதி சாயங்காலமே மேற்கில் சாய்ந்துவிடும். வெளிநாட்டிலும் ஒரு கூட்டம் தேடிக்கொண்டிருந்தது.

பொன்னுரங்கத்துக்கு இன்னொரு அவசரம். அவன் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிக்கிற உத்தியோகம். மார்ச்சில் ஒரு இடத்தை நிரந்தரம் ஆக்குகிறோம், பொன்னுரங்கத்தின் பெயரை எழுதியிருக்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வேலைக்கு அவனைக் கூட்டிவந்தது நான். பி.யூ.சி.யில் தவறி, வீட்டில் சும்மா கிடந்தவன். அலமேலு தினம் ஒரு தடவையாவது கேட்பாள், "ரங்கத்துக்கு ஆயிடும் இல்லீங்க?" ஆகும் ஆகும் என்பேன். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. தம்பியை வளர்த்ததே அவள்தான்.

அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், திருப்பி அளப்பது. ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒரு சாய்வு உண்டு அம்மா. குறுக்குக் கம்பியைப் புள்ளியின் நட்டநடுவில்தான் நிறுத்தினேன் என்று சத்தியம் பண்ணுவோம். ஆனால் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கும். நமக்கே தெரியாது. அதனால் ஒரு தடவை அளந்த பிளேட்டைத் தலைகீழாகச் சுற்றி வைத்து மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். கண் முதல் தடவை கிழக்கே தள்ளியிருந்தால் இந்தத் தடவை மேற்கே தள்ளும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சாய்வு கழிந்துபோகும். வேலை இரண்டு மடங்கு. ஆனால் அதுதான் முறை.

என் கண்ணுக்குச் சாய்வு கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எட்டு வருஷம் திருப்பித் திருப்பி அளந்ததில் இரண்டு தடவையும் ஒரே எண்தான் வரும். டாக்டரே சொல்லியிருக்கிறார். சின்னப் புள்ளிகள்தான் எங்களுக்கு அதிகம் வரும். பெரிய புள்ளிகளை அவ்வளவாக அளந்ததில்லை. அதை விடுங்கள்.

பழைய பிளேட்டை நான் திருப்பவில்லை. ஏன் என்றால் அதன் ஒரு மூலையில் விரிசல் இருந்தது. இரவல் பொருள். எடுத்துச் சுற்றி வைக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? பிளேட்டின் பத்திரத்துக்காக நான் எடுத்த முடிவு அது. டாக்டரிடம் கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் திருப்பு என்றுதான் சொல்லியிருப்பார், அவருக்கென்ன. நேராக ஒரு தடவை அளந்தேன். ஒன்பதாம் நம்பர் மேற்கே பன்னிரண்டு மைக்ரான் நகர்ந்திருந்தது. கூட்டுக்கு மேற்குப் பக்கம் இருக்கிற நட்சத்திரம், மேற்கே ஓடுகிறது. இதைவிட என்ன வேண்டும்? செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா, அவர் பெரிய குடும்பம், பெரிய படிப்பு. எட்டு வருஷத்தில் என்னைத் தொட்டதில்லை. அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏகாம்பரம், இதை நான் மறக்க மாட்டேன்" என்றார். உடனே தொலைநோக்கிக்காரர்களுக்குத் தந்தி அடித்தார். ஒன்பதாம் நம்பர் என்று.

பொன்னுரங்கம் அன்று முழுக்க என் தாளையே புரட்டிக்கொண்டிருந்தான்.  சாயங்காலம் மிஷினுக்கு உறை போடும்போது, "மாமா, பழசைத் திருப்பலியே" என்றான்.

"விரிசல் இருக்குது, கண்ணு தெரியல?"

"புதுசைத் திருப்பினோம், பழசைத் திருப்பலை. ஒரு கால்ல செருப்பு போட்டுக்கிட்டு நடக்கற மாதிரி இல்ல?"

"எனக்குச் சாய்வு கிடையாதுடா."

"கிடையாதுன்னா திருப்பிப் பார்க்கறதுக்கு இன்னா பயம்?"

நான் லைட்டை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை. பிளேட்டைத் திருப்பி அனுப்ப மரப்பெட்டி செய்யச் சொல்லியிருந்தேன். காலையில் அதை வாங்கிவரக் கீழே ஆசாரி வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, மலை ஏறி, அறைக்கு வரும்போது மணி ஒன்று. கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன், உள்ளே தாழ்ப்பாள் போடவில்லை. பொன்னுரங்கம் மிஷினில் கண்ணை வைத்திருந்தான். பழைய பிளேட். விரிசல் மூலை எப்போதும் எனக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். அன்று என் பக்கம் இருந்தது.

"இன்னாடா பண்ற?"

"அளக்கறேன் மாமா." தலையைத் தூக்கவில்லை. திருகாணியைச் சுற்றினான், எண்ணைப் படித்தான், எழுதினான்.

"யாரைக் கேட்டுத் திருப்பினே?"

"திருப்பித்தான் அளக்கணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. காலையில ஆறு மணிக்கு வந்தேன். முதல்ல நேரா அளந்தேன், அப்புறம் திருப்பினேன். பூப்போலதான் எடுத்து வெச்சேன், ஒண்ணும் ஆகலை. வாங்க, இந்த ஒன்பதைப் பாருங்க. உங்க மாப்பிள்ளை எங்கயும் போகலை. ஐம்பத்தஞ்சு வருஷமா இருந்த எடத்துலயே காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

"உளறாதே."

"ஓடறது இருபத்து மூணு. கிழக்கே பதிமூணு. நம்ம கணக்குல அது நகரவே இல்லைன்னு வந்துச்சே, ஏன்னு இப்பதான் புரிஞ்சுது. பெரிய புள்ளியா இருந்தா உங்க கண்ணு அதைக் கிழக்கே கொஞ்சம் தள்ளிப் படிக்குது மாமா. பழைய பிளேட்டுல பெரிய புள்ளி ரெண்டுதான், ரெண்டையும் கிழக்கே தள்ளி எழுதிட்டீங்க. அதனால சும்மா இருக்கற ஒன்பது மேற்கே ஓடற மாதிரி தெரியுது. நெஜமா கிழக்கே ஓடற இருபத்து மூணு சும்மா நிக்கற மாதிரி தெரியுது."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க. வாட்ச் முள்ளுக்குப் பழகின கண்ணு. முள்ளு ஒரே பக்கமாத்தானே போவும்" என்றான். சிரித்தான். குத்திச் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பே அப்படித்தான், எல்லாப் பல்லும் தெரியும். ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம், வேறொன்றும் இல்லை. அது இப்போது தெரிகிறது. "டாக்டர் இன்னும் கிளம்பலை. ஞாயித்துக்கிழமைதானே? இன்னொரு தந்தி அடிச்சா போச்சு. நீங்களே போய்ச் சொல்லுங்க மாமா. நீங்க கண்டுபிடிச்சதாவே சொல்லுங்க, எனக்கென்ன."

அதைத்தான் அவன் சொல்லியிருக்கக் கூடாது. நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள் என்று. எனக்குப் பிச்சை போடுகிற மாதிரி.

"எழுந்திரு" என்றேன்.

"இன்னும் ஆறுதான் பாக்கி. முடிச்சிட்டு எழுந்துக்கறேன்."

அந்த ஆறுதான் அம்மா நீங்கள் கேட்ட ஆறு.

மூலை உதிர்ந்துவிட்டது. பிளேட் கீழே விழவில்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சில்லு. அதில் நட்சத்திரம்கூடப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏற்கெனவே விரிசல் விட்ட மூலை, திருப்பியதால் பலவீனமாகியிருக்கும். யார் திருப்பினார்கள், அவன்தானே. நான் சொன்னபடி திருப்பாமல் இருந்திருந்தால் அது உதிர்ந்திருக்காது. அப்போதும் அதைத்தான் சொன்னேன், இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

கதவுப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அலமேலு. ஒரு மணிக்கு இரண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டுவருவாள். குவார்ட்டர்ஸ் நூறு அடி தூரம்தான். கையில் டிபன் கேரியரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் மூன்று மணிக்கு வந்தார். அதுவரை நாங்கள் மூன்று பேரும் அந்த அறையிலேயே இருந்தோம். யாரும் சாப்பிடவில்லை. பொன்னுரங்கம் தாளை மடித்துப் புது பிளேட்டின் உறைக்குள் வைத்தான். நான் பார்க்கவில்லை, இல்லை, பார்த்தேன், என்னவோ காகிதம் என்று இருந்துவிட்டேன். எங்கள் தாள்களில் எல்லாம் என் கையெழுத்து முன்கூட்டியே இருக்கும். திங்கட்கிழமை காலையில் ஐம்பது வெற்றுத் தாளை அடுக்கி வைத்து, 'சரிபார்த்தேன்' என்று போட்டுத் தள்ளிவிடுவேன். ஒவ்வொன்றாகப் போட யாருக்கு நேரம்? அப்படி ஒரு தாளில்தான் அவன் எழுதியிருக்கிறான். உங்கள் கையில் இருப்பது அதுதான். ஏழுக்கு நடுவில் சின்னக் கோடு இருக்கிறது பாருங்கள். அது அவன் பழக்கம். நான் போட மாட்டேன்.

டாக்டர் பிளேட்டைப் பார்த்தார். சில்லைக் கையில் எடுத்தார். கத்துகிற மனிதர் இல்லை. "யாரு?" என்று மட்டும் கேட்டார்.

பொன்னுரங்கம் என்னைப் பார்த்தான். பிறகு அவன் அக்காவைப் பார்த்தான். "திருப்பினது நான்தான் சார்" என்றான்.

"ஏகாம்பரம்?"

"வேண்டாம்னு சொல்லியிருந்தேன் சார்" என்றேன். அது உண்மை. முந்தின நாள் சாயங்காலம் சொல்லியிருந்தேன்.

"அவங்க நம்பிக் குடுத்த பிளேட். நான் பதில் எழுதணும். யாரு மேல என்ன நடவடிக்கைன்னு கேப்பாங்க" என்றார் டாக்டர். பிறகு பொன்னுரங்கத்திடம், "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அவன், "சார், இருபத்து மூணாம் நம்பர்..." என்று ஆரம்பித்தான். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நட்சத்திரத்தைப் பத்தி உன்னைக் கேக்கலை."

வியாழக்கிழமை நீட்டிப்பு ரத்து என்று கடிதம் டைப் ஆகி வந்தது. வெள்ளிக்கிழமை பஸ். அந்த பஸ்ஸைப் பற்றித்தான் முதலில் சொன்னேன்.

டாக்டர் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். பிளேட் திங்கட்கிழமை போக வேண்டும். இடையில் எனக்கு இரண்டு முழுப் பகல் இருந்தது. சனிக்கிழமை சாப்பாடு போடும்போது அலமேலு கேட்டாள், "திருப்பிப் பார்த்தீங்களா?" பார்த்தேன் என்றேன். "இருபத்து மூணு?" நகரவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். அதேதான் சொன்னேன். பிளேட்டை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. உடைந்த மூலையோடு இருந்ததை எடுத்து இன்னும் ஏதாவது ஆகிவிட்டால்? பத்திரத்துக்காகத்தான்.

ஒன்பதாம் நம்பரைத்தான் பெரிய தொலைநோக்கியில் எடுத்தார்கள். சாதாரண நட்சத்திரம், பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்து போகிறது என்று வந்தது. மெல்லிய மேகம் இருந்ததாம். அதனால்தான் படம் சரியாக வரவில்லை என்று நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் அந்தத் தேடலை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். என் கையை அதற்குப் பிறகு பிடித்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. எட்டு வருஷ உழைப்பை ஒரு மேகத்துக்காக மறந்துவிட்டார்.

பொன்னுரங்கம் லெட்டர் போட்டான். எனக்கு இல்லை, அக்காவுக்கு. ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுத எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தான். அக்டோபரில், அங்கே கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கின ஆள் ஏறவில்லை. அவனைத் தூக்க இன்னொருவன் இறங்கினான். இரண்டு பேரும் வரவில்லை என்று மூன்றாவதாக இறங்கியது பொன்னுரங்கம். விஷ வாயு. மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத் தொட்டியில் என்ன வேலை? அதைத்தான் நான் அன்றைக்கும் கேட்டேன். அவன் சுபாவம் அப்படி. சொன்னால் கேட்கிறவன் இல்லை. இருபத்தேழு வயசு.

அலமேலு அழுதாள், சடங்கு எல்லாம் செய்தாள். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினாள். ஒரு குறை சொல்ல முடியாது. என்னோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள், அது மட்டும்தான். எனக்குப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, முட்டி வலி என்பாள். மேசை வாங்கிப் போட்டேன். அதிலும் உட்காரவில்லை. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

இப்போது கேட்கிறீர்கள், சரி. பிளேட் உதிர்ந்தபோது யார் கையில் இருந்தது என்று. உங்கள் கட்டுரைக்கு அது எதற்கு? நட்சத்திரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வேறு யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. டாக்டர் கேட்கவில்லை. அலமேலு கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முப்பத்தாறு வருஷமும் இன்றைக்குக் கேட்பாள், இன்றைக்குக் கேட்பாள் என்றுதான் இருந்தேன். பார்த்தவள் எதற்காகக் கேட்பாள்?

என் கையில்தான் இருந்தது அம்மா. ஆறு பாக்கி என்றான். நான் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பிளேட்டை மிஷினிலிருந்து பிடுங்கினேன். ஓரத்தில் இருக்கிற இரும்புப் பிடியைத் தளர்த்தாமல் பிடுங்கினேன். வாட்ச் ரிப்பேர்க்காரன் செய்கிற வேலையா அது? 'டக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அவன், "மாமா, கையைக் கிழிச்சிடுச்சா?" என்று கேட்டான். முதலில் அதைத்தான் கேட்டான்.

வாசலில் காளிதாஸ் சார் நிற்கிறார் போலிருக்கிறது. உள்ளே வர வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டாரா என்று மட்டும் கேளுங்கள். கொடுத்துவிட்டாரா? சரி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த மனிதரிடம் நான்தான் சொன்னேன், நானே இல்லை என்றும் சொல்கிறேன்.

அந்தப் படிவத்தைக் கொடுங்கள். 'அளந்தவர்' என்று இருக்கிற இடத்தில் என் பெயரை டைப் செய்து கொண்டுவந்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். இல்லை, நானே அடிக்கிறேன். பேனாவைக் கொடுங்கள். மு. பொன்னுரங்கம் என்று எழுதுங்கள். முனுசாமி என்பது அப்பா பெயர். பிறந்தது 1959, மாதம் தெரியாது. பி.யூ.சி. என்று போடலாம், தவறினான் என்று போட வேண்டாம். பழைய பிளேட்டை நேராகவும் திருப்பியும் இரண்டு தடவை அளந்தவன் என்று தெளிவாக எழுதுங்கள். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் எதுவும் எழுதாதீர்கள். யாரும் சரிபார்க்கவில்லை.

போட்டோவா? கிடையாது. ஆய்வகத்து அடையாள அட்டையில் ஒன்று இருந்தது, அனுப்பும்போது அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எங்கள் கல்யாணப் படத்தில் அலமேலுவுக்குப் பக்கத்தில் நின்றான், அரைக்கால் சட்டையோடு. அந்தப் படத்தை அவள் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைத்திருந்தாள். கடைசியில் அதைத் தன்னோடு வைத்துவிடச் சொன்னாள், வைத்துவிட்டோம். டாக்டர் போய்விட்டார். தொழிற்சாலையை மூடி இருபது வருஷம் ஆகிறது. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் முகம் தெரிந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான்.